ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ்: பயன் தரும் மரமும் பயனற்ற பாசியும்

(உதகையில் கல்லூரித் தாவரவியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவு)



1861 ஏப்ரலில் நானூற்றுச் சொச்சம் சின்கோனாச் செடிகள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பிறகு எழுந்த, காய்ச்சல் மருந்தான குவினைனைத் தரும் கொயினாத் தோட்டங்களுக்கு அவைதாம் வித்து. அவற்றை வாங்கி வளர்த்த மெக்ஐவரை உதகை மறக்கவில்லை. தாவரவியல் பூங்காவைப் பற்றி யார் எழுதினாலும் அவர் பெயரில்தான் தொடங்குவார்கள். அனுப்பி வைத்தவர் பெயர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ். அவர் இந்த மலைக்கு வந்ததே இல்லை, இந்தியாவையே பார்த்ததில்லை. ஈக்வடார் நாட்டின் ஒரு மலைச்சரிவிலிருந்து அந்தச் செடிகளை அனுப்பியபோது, அவரால் நேராக நிமிர்ந்து நடக்கக்கூட முடியவில்லை.

இவரைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் கொயினாவிலிருந்துதான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அந்த மனிதரிடமே கேட்டிருந்தால் அவர் அங்கிருந்து தொடங்கியிருக்க மாட்டார். அவருடைய மனசு முழுக்க இருந்தது பாசி. மரப்பட்டையிலும் ஈரமான பாறையிலும் படர்கிறதே, அந்த மாஸ். அதைவிட மேலாக, அதன் பங்காளியான லிவர்வொர்ட். பரீட்சைக்காக நீங்கள் பிரையோஃபைட்டுகள் என்று படிக்கிறீர்களே, அந்தக் கூட்டம். யாருக்கும் உதவாத செடிகளைக் காதலித்த ஒருவரை, எல்லோருக்கும் உதவிய ஒரு மரத்துக்காக மட்டும் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

ஸ்ப்ரூஸ் 1817 செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கான்தோர்ப் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். அந்தக் குடும்பத்தில் எட்டுப் பெண்கள். சொத்து என்று எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. 16 வயதில் தன் ஊரைச் சுற்றி முளைக்கும் செடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார்; அதில் 403 இனங்கள் இருந்தன. அப்பா வழியிலேயே வாத்தியார் வேலைக்குப் போய், யார்க் நகரப் பள்ளி ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 1844-இல் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். உடம்போ ஆரம்பத்திலிருந்தே நோஞ்சான். வேலை போனதற்காக அவர் ரொம்ப வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீஸ் மலைக்குப் போனார். அந்த மலையிலிருந்து அதுவரை அறியப்பட்ட மாஸ், லிவர்வொர்ட் வகைகள் 169. ஸ்ப்ரூஸ் திரும்பி வந்தபோது அது 478 ஆகியிருந்தது. யாரும் போகாத காடு அல்ல அது. பிரெஞ்சுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதைகள்தாம். மற்றவர்கள் நிமிர்ந்து சிகரத்தைப் பார்த்தார்கள், இவர் குனிந்து கல்லைப் பார்த்தார். வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

கியூ தாவரவியல் பூங்காவின் கண் இவர்மேல் விழுந்தது. அமேசானுக்குப் போகலாமே என்றார்கள். அரசாங்கச் சம்பளம் கிடையாது. ஏற்பாடு இதுதான்: ஸ்ப்ரூஸ் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, மூட்டை கட்டி அனுப்ப வேண்டும். இங்கிலாந்தில் ஜார்ஜ் பெந்தம் அவற்றைப் பிரித்துப் பெயரிட்டு, சந்தா கட்டியவர்களுக்குத் தொகுதி தொகுதியாக விற்றுத் தருவார். அந்தச் சேவைக்குக் கூலியாக முதல் தொகுதியைப் பெந்தமே வைத்துக்கொள்வார். பெந்தம் யாரென்று உங்களுக்குத் தெரியும். பெந்தம்–ஹூக்கர் வகைப்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்காத தாவரவியல் மாணவர் இந்த ஊரில் உண்டா? அந்த வகைப்பாட்டுக்குப் பின்னால் இருந்த ஆயிரமாயிரம் உலர்ந்த செடிகளில் ஸ்ப்ரூஸ் அனுப்பியவையும் உண்டு.

1849 ஜூனில் லிவர்பூலில் கப்பலேறினார். வயது 31. சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். திரும்பியது 1864-இல்.

அமேசானில் ஒரு செடியை உலர்த்துவது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் ஜூலை மாத மழையில் ஒரு கைக்குட்டை காயவே இரண்டு நாள் ஆகிறது. அங்கே ஆண்டு முழுக்க அந்த ஈரம். செடியைத் தாளுக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். தாள் ஈரத்தை உறிஞ்சியதும் மாற்ற வேண்டும். ஈரத் தாள்களை வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் விரித்துக் காயவைக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் பூஞ்சணம். பெட்டியைத் தரையில் வைத்தால் கரையான். படகில் வைத்தால் அலை. வேலையாட்கள் காய்ச்சலில் படுத்தால் தாள் மாற்றுவதும் தானே, சமைப்பதும் தானே. இப்படியே பதினைந்து ஆண்டுகள். பூக்கும் தாவரங்களில் மட்டும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களை அவர் சேகரித்தார் என்று கணக்கிடுகிறார்கள்.

சான்டரெம் என்ற ஆற்றங்கரை ஊரில் இன்னொரு இளைஞரைச் சந்தித்தார். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். இயற்கைத் தேர்வுக் கொள்கையில் டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படுகிற அதே வாலஸ்தான். பணமில்லாமல், பட்டமில்லாமல், சேகரித்ததை விற்றுச் சாப்பிட்ட இரண்டு பேர். அந்த நட்பு சாகும்வரை நீடித்தது. சொல்லப்போனால் செத்த பிறகும் நீடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரியோ நெக்ரோ ஆற்றில் ஏறி, அதன் கிளையான வௌபேஸ் ஆற்றுக்குப் போனபோது 1852-இல் ஒரு பழங்குடி விருந்துக்கு அழைத்தார்கள். அங்கே காபி என்று ஒரு பானம். நாம் குடிக்கிற காப்பி இல்லை. ஒரு காட்டுக்கொடியை இடித்துப் பிழிந்தது. குடித்தால் கண்முன் காட்சிகள் விரியும் என்றார்கள். ஸ்ப்ரூஸ் ஒரு குவளை குடித்தார். காட்சி வருவதற்குள் ஒருவர் ஓடிவந்து மரவள்ளி மதுவை நீட்டினார். இன்னொருவர் கைநீளச் சுருட்டைக் கொடுத்துப் புகைக்கச் சொன்னார். அப்புறம் பனைவகை மது ஒன்று. விருந்தாளி மறுக்கக் கூடாதே! முடிவில் அவருக்கு வந்தது காட்சி அல்ல, குமட்டல். போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் அந்தக் கொடியைத் தேடிப் பிடித்து, பூவும் காயும் பார்த்து, விவரித்து, தாவரவியல் பெயர் சூட்டினார். இன்று அயவாஸ்கா என்று உலகமெல்லாம் பேசப்படும் பானம் அதுதான். அவர் ஆய்வுக்காக அனுப்பிய தண்டுத் துண்டுகள் யாரும் தொடாமல் கிடந்து, நூறு ஆண்டுக்கும் மேலாகிச் சோதிக்கப்பட்டபோதும் அவற்றில் வீரியமான ஆல்கலாய்டு மிச்சம் இருந்தது.

அவர் போன ஊரிலெல்லாம் அந்த மக்களின் மொழியைக் கற்றார். அமேசான் மொழிகள் 21-க்குச் சொற்பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். இது வெறும் அறிவுப் பசி மட்டும் அல்ல, உயிரையும் ஒருமுறை காப்பாற்றியது. 1854-இல் வெனிசுவேலா எல்லையில், மலேரியாவில் வாரக்கணக்காகக் கிடந்து, பாதிப் பிணமாகப் படகில் திரும்பிக்கொண்டிருந்தார். ஓரிரவு கரையோரக் குடிசை ஒன்றில் தங்கினார்கள். வயிற்றுப்போக்கு வேறு, இரவில் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருந்தது. இருட்டில் படகோட்டிகள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. இந்த வெள்ளைக்காரனிடம் சரக்கு நிறைய இருக்கிறது, எப்படியும் சாகப்போகிறவன், தூங்கும்போது கழுத்தை நெரித்துவிட்டால் காய்ச்சலில் போனான் என்றுதான் ஊர் நினைக்கும். அவருக்குப் புரியாது என்று நினைத்துப் பேசிய பேச்சு. ஸ்ப்ரூஸ் கத்தவில்லை. மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகிறவர்போல மெல்ல நடந்து, படகில் ஏறி, மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை அப்படியே. விடிந்த பிறகு அதே ஆட்களோடுதான் பயணத்தைத் தொடர்ந்தார். வேறு ஆட்கள் ஏது?

அந்த மலேரியாவிலிருந்து அவரை எழுப்பியது கொயினா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

1857-இல் பெருவிலிருந்து ஆண்டீஸ் மலையேறி ஈக்வடாருக்குப் போன பயணம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கனேலோஸ் காடு. ஓயாத மழை. டோப்போ என்ற காட்டாறு பெருகி வழிமறித்தது. உணவு தீர்ந்துவிட்டது. மூங்கிலை வெட்டிப் பாறைக்குப் பாறை சாய்த்து ஆற்றைக் கடந்தார்கள். பெட்டிகளை மறுகரையிலேயே விட்டு வர வேண்டியதாயிற்று. பிறகு ஆள் அனுப்பித்தான் எடுத்தார். பசி, குளிர், சேறு. இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன எழுதுவான்? அவர் எழுதுகிறார்: இவ்வளவு பாசி மூடிய இடத்தை நான் கண்டதே இல்லை. மெல்லிய சுள்ளிகூடப் பாசியில் உறை போட்டிருந்ததாம். பட்டினியும் மழையும் மனத்தைக் கசக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு சின்னஞ்சிறு மாஸைப் பார்த்துத்தான் தேற்றிக்கொண்டதாகச் சொல்கிறார். பக்தர்கள் சாமி பெயரைச் சொல்கிற இடத்தில் இவர் பாசியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

இப்போது கொயினா.

சின்கோனா ஆண்டீஸ் மலையின் மரம். அதன் பட்டை காய்ச்சலுக்கு மருந்து என்று ஐரோப்பா 17-ஆம் நூற்றாண்டிலேயே அறிந்தது. 1820-இல் பிரான்சில் பெலெத்தியே, காவந்து என்ற இருவர் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தார்கள். இந்தியாவில் வெள்ளைப் படை துப்பாக்கிக்கு விழுந்ததைவிடக் காய்ச்சலுக்கு விழுந்ததுதான் அதிகம். பட்டை முழுக்கத் தென் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். அங்கேயோ மரத்தை வெட்டிச் சாய்த்து உரிக்கிற வழக்கத்தால் காடு அழிந்துகொண்டிருந்தது. மரத்தையே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று லண்டன் முடிவு செய்தது. அந்தப் பொறுப்பு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரிடம் போனது. மார்க்கம் பெருவுக்குப் போனார்; ஈக்வடாரின் சிவப்புப் பட்டை வகைக்கு, ஏற்கெனவே அங்கே இருந்த ஸ்ப்ரூஸைப் பிடித்தார்கள்.

ஒப்புக்கொண்ட சில மாதங்களில், 1860 ஏப்ரல் கடைசியில், ஒருநாள் காலை எழுந்தபோது அவருக்கு முதுகும் கால்களும் மரத்துப்போயிருந்தன. அன்றிலிருந்து சாகும்வரை அவர் வலியில்லாமல் உட்கார்ந்ததும் இல்லை, நடந்ததும் இல்லை. வேறொருவராக இருந்தால் கடிதம் எழுதி விலகியிருப்பார். இவர் கோவேறு கழுதை மேல் உட்காரவைக்கச் சொல்லி, சிம்போராசோ சிகரத்தின் மேற்குச் சரிவில் லிமோன் என்ற இடத்துக்குப் போனார்.

அந்தக் காடு இரண்டு நிலச்சுவான்தார்களுக்குச் சொந்தம். ஒருவர் நாட்டின் முன்னாள் அதிபர் ஜெனரல் ஃபுளோரெஸ். 400 டாலர் கொடுத்து ஒப்பந்தம் போட்டார் ஸ்ப்ரூஸ்: விதையும் செடியும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பட்டையில் கைவைக்கக் கூடாது. காட்டில் பெரிய மரங்கள் ஏறக்குறைய வெட்டித் தீர்ந்திருந்தன. வெட்டிய கட்டையிலிருந்து தழைத்தவைதாம் மிச்சம். பட்டைக்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவற்றைத் தேடிப்பிடித்தார். அப்போது நாட்டில் உள்நாட்டுப் போர். படைகள் போகிற வழியில் கழுதையையும் ஆளையும் பறிகொடுக்காமல் காப்பாற்றுவதே தனி வேலை.

கியூவில் பயின்ற தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் ஜூலையில் வந்து சேர்ந்தார். என்னைக் கேட்டால் இந்தக் கதையில் பாதிப் புகழ் கிராஸுக்குச் சேர வேண்டும். அவர் ஆயிரத்துக்கும் மேல் போத்துகளை வெட்டி நட்டார். பகலெல்லாம் தண்ணீர் சுமந்தார், கம்பளிப்பூச்சியோடும் எறும்போடும் மல்லுக்கட்டினார். சின்கோனாவின் காய் பழுத்தால் தானாக வெடிக்கும். உள்ளே இறக்கை வைத்த விதை, ஊதினால் பறந்துவிடும். வெடிப்பதற்குச் சற்று முன்பு பறிக்க வேண்டும், ரொம்ப முந்தினால் முளைக்காது. மரத்தடியில் துணி விரித்து, ஆளை ஏறச்சொல்லி, கொத்தை மெல்ல ஒடித்து இறக்கி, நிழலில் உலர்த்தினார்கள். இப்படி ஒரு லட்சம் விதைகள் சேர்ந்தன.

செடிகளுக்கு வார்டு பெட்டி. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் கண்டுபிடித்த மூடிய கண்ணாடிப் பெட்டி அது. உள்ளே இருக்கும் ஈரமே ஆவியாகி, குளிர்ந்து, மீண்டும் மண்ணில் சொட்டும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 637 செடிகளை 15 பெட்டிகளில் அடுக்கி, கட்டைகளைப் பிணைத்த தெப்பத்தில் ஏற்றி ஆற்றில் இறக்கினார்கள். குறுகலான ஆறு, வெள்ள நேரம். கரையிலிருந்து தாழ்ந்து தொங்கிய கிளைகளில் தெப்பம் போய் மோதியது, மேலே வேய்ந்திருந்த கூரை நொறுங்கியது. பெட்டிகள் தப்பின. 1861 ஜனவரி தொடக்கத்தில் குவயாகில் துறைமுகத்திலிருந்து கிராஸோடு கப்பலேறின. மார்க்கம் பெருவிலிருந்து எடுத்துவந்த செடிகள் வழி வெப்பத்தில் கருகிப்போயின. ஸ்ப்ரூஸ் அனுப்பியவைதாம் பிழைத்தன.

இங்கே வாங்கிக்கொண்டவர் மெக்ஐவர். அவரைப் பற்றி உதகையில் யாரும் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. அவரும் பாசிக்காரர். இந்தியாவுக்கு வருவதற்கு முன், 1847-இல், பிரிட்டனின் லிவர்வொர்ட்டுகளை உலர்த்தித் தொகுத்து வெளியிட்டவர். சின்கோனாப் பட்டையை எடுக்க மரத்தை வெட்ட வேண்டாம் என்று அவர் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். அடிமரத்தில் பட்டையை நெடுக்குவாக்கில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கீற்றுக் கீற்றாக உரிப்பது. உள்ளே இருக்கும் கேம்பியத்தில் கத்தி படக் கூடாது. உரித்த இடத்தை ஈரமான மாஸ் வைத்து மூடிக் கட்டிவிடுவது. வெயிலும் காற்றும் படாத அந்தப் போர்வைக்குள் புதுப்பட்டை வளரும். முதல் பட்டையைவிட அதில் குவினைன் அதிகம். மாஸ் எதற்கும் உதவாது என்று யார் சொன்னது?

தோட்டம் யார் உழைப்பில் எழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சமவெளியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள், கைதிகள், அவர்களில் மலாயாப் பக்கமிருந்து நாடுகடத்தப்பட்ட சீனக் கைதிகளும். நடுவட்டத்தில் அவர்களை அடைத்துவைத்த சிறை இருந்தது.

சிவப்புப் பட்டையில் சுத்தக் குவினைன் கொஞ்சம் குறைவு. ஆனால் அதோடு மூன்று ஆல்கலாய்டுகள் கூட இருந்தன. அவையும் காய்ச்சலைத் தீர்க்குமா என்று 1866 முதல் சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். தீர்த்தது. அதன் பிறகுதான் ஏழைகள் வாங்கும் விலையில் மருந்து என்ற பேச்சே வந்தது. வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகத்தில் காலணாப் பொட்டலமாகக் குவினைன் விற்றார்கள். ஆனால் முதல் பயன் பட்டாளத்துக்கும் அதிகாரிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் போனது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஏகாதிபத்தியத்துக்கு அது ஆயுதம்தான்.

இலங்கையிலும் இதே கதை ஒரு சுற்று வந்தது. 1861-இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலையில் சின்கோனாவுக்கென்றே தோட்டம் போட்டார்கள். 1869-இல் காப்பியை இலைத்துரு நோய் தாக்க, தோட்டக்காரர்கள் சின்கோனாவுக்குத் தாவினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டை உரித்ததில் 1880-களில் விலை அதலபாதாளத்துக்குப் போனது. அப்புறம்தான் தேயிலை. முதலாளிகள் பயிரை மாற்றிக்கொண்டே போனார்கள், மலையகத் தமிழர் முதுகில் கூடை மட்டும் மாறவில்லை.

கடைசியில் சந்தையை வென்றது நீலகிரி அல்ல, ஜாவா. பொலிவியாவில் மானுவல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடிப் பட்டைக்காரர் ஒருவர் குவினைன் மிகுந்த வகையை அறிந்து, சார்ல்ஸ் லெட்ஜர் என்ற வியாபாரிக்காக விதை சேர்த்தார். லண்டன் அதை வாங்க மறுத்தது. 1865-இல் டச்சுக்காரர்கள் அதில் ஒரு பவுண்டு விதையை அற்ப விலைக்கு வாங்கினார்கள். அந்த மரத்தை வைத்து உலகக் குவினைன் வணிகத்தையே கையில் எடுத்துக்கொண்டார்கள். மாமானியைச் சொந்த நாட்டில் பிடித்துச் சிறையிலடைத்து அடித்தார்கள். அந்தக் காயத்தோடு அவர் செத்தார். 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும், நீலகிரி, ஆனைமலைத் தோட்டங்கள் பக்கம் மீண்டும் பார்வை திரும்பியது. போர் முடிந்து குளோரோகுவின் வந்ததும் அந்தப் பார்வையும் போனது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது. அங்கே இன்று தேயிலை.

மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. இது திருட்டு இல்லையா? பேச்சு முடிந்த பிறகு கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்கிறேன். ஸ்ப்ரூஸ் காசு கொடுத்தார், ஒப்பந்தம் போட்டார், ஒளித்து எடுத்துப் போகவில்லை. செடியும் விதையும் வெளியே போகக் கூடாது என்று ஈக்வடார் 1861-இல்தான் தடை போட்டது. ஆகவே சட்டப்படி திருட்டு இல்லை. ஆனால் காசு யாருக்குப் போனது? நிலச்சுவான்தாருக்கு. எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்தப் பட்டை கசக்கும், எப்போது காய் வெடிக்கும் என்று தலைமுறையாக அறிந்த பட்டைக்காரருக்கு அன்றைய கூலி மட்டும். மரம் போனது, அறிவும் கூடவே போனது, வருமானம் வேறு கண்டத்தில் சேர்ந்தது. இதற்கு நியாயம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது. அந்த மரம் எத்தனையோ உயிரைக் காத்தது என்பது உண்மைதான். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டாம்.

சரி, ஸ்ப்ரூஸுக்கு என்ன கிடைத்தது? பத்து ஆண்டுக்கு மேலாகச் சேர்த்துவைத்த 700 பவுண்டைக் குவயாகிலில் ஒரு வணிக நிறுவனத்தில் போட்டிருந்தார். 1861-இல் அது திவாலானது. எல்லாம் போயிற்று. 1864-இல் வெறுங்கையோடும் உடைந்த உடம்போடும் ஊர் திரும்பினார். பிரிட்டிஷ் அரசு ஆண்டுக்கு 50 பவுண்டு ஓய்வூதியம் தந்தது. இந்திய அரசிடமிருந்து இன்னொரு 50 பவுண்டு வாங்கித்தர மார்க்கம் ஆண்டுக்கணக்கில் வாதாடினார், 1877-இல்தான் கிடைத்தது. மார்க்கம் பின்னால் சர் பட்டம் பெற்றார். நீலகிரி மலையையே மாற்றிய மனிதருக்கு நீலகிரியின் எஜமானர்கள் கொடுத்தது இவ்வளவுதான். கஞ்சத்தனம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே வெல்பர்ன், பிறகு கோனிஸ்தோர்ப் என்று சிறு குடிசைவீடுகளில் மீதி வாழ்நாளைக் கழித்தார். கல்யாணம் இல்லை. மைக்ரோஸ்கோப் முன் சில நிமிஷம் உட்காருவார், வலி தாங்காமல் படுத்துவிடுவார், மறுபடி எழுந்து உட்காருவார். அப்படியே ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதியதுதான் அமேசான், ஆண்டீஸ் லிவர்வொர்ட்டுகள் பற்றிய பெருநூல். 1884–85-இல் வெளிவந்தது. நூற்றுக்கணக்கான இனங்கள், அவற்றில் பெரும்பகுதி அவரே கையால் எடுத்தவை. லெஜுனியா குடும்பத்தில் அன்று அவர் பிரித்த உட்பிரிவுகள் பலவற்றை இன்று தனிப் பேரினங்களாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கடிதத்தில் அவர் சொல்கிறார்: லிவர்வொர்ட் மனிதனுக்கு மருந்தாகவும் ஆவதில்லை, உணவாகவும் ஆவதில்லை, ஆனாலும் கடவுள் வைத்த இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது, தன்னளவில் அது அழகாகவும் இருக்கிறது, எனக்கு அது போதும். சொற்கள் என்னுடையவை, கருத்து அவருடையது.

1893 டிசம்பர் 28 அன்று இன்ஃப்ளுவன்ஸாவில் இறந்தார். டெரிங்டன் தேவாலய முற்றத்தில் பெற்றோருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். வாலஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே. நண்பர் விட்டுச்சென்ற நாட்குறிப்பு, கடிதம், துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் வாங்கி, எண்பது வயதைத் தாண்டிய பிறகு உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி, 1908-இல் இரண்டு தொகுதியாக வெளியிட்டார். அது இல்லாவிட்டால் படகோட்டிகளின் இரவுப் பேச்சும் டோப்போ ஆற்றின் பாசியும் நமக்குத் தெரிந்திருக்காது.

ஸ்ப்ரூஸ் செடிகளை மட்டும் சேர்க்கவில்லை. கூடை, மத்தளம், மூக்குப்பொடிக் குழாய், மீன்பிடிக் கருவி என்று அந்த மக்கள் செடிகளிலிருந்து செய்த பொருள்களையும், எந்தச் செடியில் செய்தார்கள் என்ற குறிப்போடு கியூவுக்கு அனுப்பினார். அண்மை ஆண்டுகளில் கியூ ஆய்வாளர்கள் ரியோ நெக்ரோ பழங்குடி மக்களோடு உட்கார்ந்து அவற்றை மறுபடி ஆராய்ந்து வருகிறார்கள். தங்கள் பாட்டன்மார் செய்த பொருளைப் பேரன்மார் பார்த்து, அதன் பெயரையும் பயனையும் விளக்குகிறார்கள். கொயினாவின் காலம் முடிந்துவிட்டது. அந்தக் குறிப்புகளின் காலம் இப்போதுதான் தொடங்குகிறது. அவர் விட்டுச்சென்றவற்றில் அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன். வாலஸ் தொகுத்த அந்த இரண்டு தொகுதிகளும் காப்புரிமை தீர்ந்தவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த விடுமுறையில் படியுங்கள். அதோடு, கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த ஃபோரோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1961-இல் பழனி மலையின் மாஸ் வகைகளைத் தொகுத்து வெளியிட்டார். அதையும் தேடி எடுங்கள். உங்கள் கல்லூரிச் சுற்றுச்சுவரில் படர்ந்திருப்பது எந்த இனம் என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அடுத்த மழைக்காலத்தில் ஆளுக்கொரு சுவரை எடுத்துக்கொண்டு பட்டியல் போடுங்கள். போட்ட பட்டியலை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து சரிபார்ப்போம்.